சில்லிட்ட பாதம் சொல்லும் சேதி

"உடம்பெல்லாம் கொதிக்குது, கால் மட்டும் ஐஸ் மாதிரி இருக்கு." காய்ச்சல் குழந்தையைத் தூக்கிவந்த தாய் இப்படிச் சொன்னால், அனுபவப்பட்ட நர்ஸ் தெர்மாமீட்டரைத் தேட மாட்டார். முதலில் பாதத்தைத் தொட்டுப் பார்ப்பார். அவர் அஞ்சுவது செப்சிஸை.

தொற்றை எதிர்க்கக் கிளம்பிய உடலின் எதிர்ப்பே கட்டுமீறி, சொந்த உறுப்புகளைச் சிதைக்கும் நிலைக்கு செப்சிஸ் என்று பெயர். 2017இல் மட்டும் உலகில் சுமார் 4.9 கோடிப் பேருக்கு இது வந்ததாகவும், 1.1 கோடி மரணங்கள் இதோடு தொடர்புடையவை என்றும் ஒரு கணக்கீடு உண்டு. ரத்த ஓட்டம் தடுமாறும்போது இதயத்தையும் மூளையையும் காப்பாற்ற, உடல் தோலுக்குப் போகும் குழாய்களைச் சுருக்கிவிடுகிறது. கடைக்கோடியில் இருக்கும் கால்விரல்தான் முதலில் சில்லிடும். அப்போது ரத்த அழுத்தம் ஒழுங்காகவே இருக்கலாம். வில்லங்கமே அங்குதான். ரத்த ஓட்டம் போதாமல் உறுப்புகள் தவிப்பதுதான் அதிர்ச்சி நிலை (ஷாக்). அதன் தீவிரத்தைக் கால் பெருவிரலின் வெப்பநிலை காட்டும் என்று ஆய்வாளர்கள் ஜோலியும் வெய்லும் 1969லேயே எழுதிவிட்டார்கள்.

நர்ஸின் கை எண் எதையும் எழுதி வைக்காது. எல்லாப் படுக்கையிலும் இரவு முழுக்க இருக்கவும் முடியாது. வெப்பக் கேமரா அந்த இடத்துக்குத்தான் வருகிறது. உடலுக்குள் எதையும் அது செலுத்துவதில்லை. தோல் தானாக வெளியிடும் அகச்சிவப்புக் கதிரை வாங்கி, ஒவ்வொரு புள்ளியையும் வெப்பநிலையாக மாற்றுகிறது. விமான நிலையத்தில் நெற்றியை அளந்த கேமராவின் உறவுக்காரன்தான். ஆனால் அது சூட்டைத் தேடியது. இது வயிற்றுக்கும் பாதத்துக்கும் உள்ள வெப்ப வித்தியாசத்தைத் தேடுகிறது.

இந்தியாவிலேயே இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்களும் ஐஐஐடி டெல்லி ஆய்வாளர்களும் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் 539 வெப்பப் படங்களை எடுத்தார்கள். வயிறு, பாத வித்தியாசத்தோடு நாடித்துடிப்பையும் சேர்த்துக் கணினிக்குக் கற்றுக்கொடுத்து, 2019இல் முடிவை வெளியிட்டார்கள். குருட்டாம்போக்கு ஊகத்துக்கு 0.5, பிசகாத கணிப்புக்கு 1 என்று வைத்தால், அதிர்ச்சி நிலையை 3 மணி நேரம் முன்னதாகச் சொல்வதில் அது பெற்ற மதிப்பெண் 0.77. பன்னிரண்டு மணி நேரம் முன்னதாக என்றால் 0.69. நம்பிக்கை தரும் எண்கள்தான். ஆனால் இதை மட்டும் நம்பி மருந்தை ஏற்ற முடியாது.

நம்மவர்களுக்கு இதில் இன்னொரு லாபம். முழங்காலில் படரும் ஊதாத் திட்டுகளை வைத்தும் செப்சிஸின் தீவிரத்தை மதிப்பிடுவார்கள். கறுத்த தோலில் அந்தத் திட்டு எளிதில் கண்ணுக்குப் படாது. வெப்பக் கேமராவுக்கு நிறம் ஒரு பொருட்டே இல்லை.

தடுக்கி விழும் இடங்களும் உண்டு. ஏசி காற்று நேராகப் பாதத்தில் பட்டால் படம் பொய் சொல்லும். சர்க்கரை நோயால் கால் ரத்தக்குழாய் அடைத்தவருக்கும், ரத்த அழுத்தத்தை ஏற்ற நார்அட்ரினலின் மருந்து ஓடுபவருக்கும் பாதம் வேறு காரணத்தால் குளிரும். சிலருக்கு செப்சிஸின் தொடக்கத்தில் கைகால் கதகதப்பாகவே இருப்பதும் உண்டு. போர்வைக்குள் இருந்த காலை அப்படியே படமெடுக்கவும் முடியாது. விலக்கிச் சில நிமிடம் விட வேண்டும். அதற்குள் நர்ஸ் தொட்டே பார்த்துவிடுவார் என்பது வேறு விஷயம்.