லண்டன் ஃபேஷன் வாரம்: அலங்கார மேடைக்குப் பின்னால் நடக்கும் வணிகம்

லண்டன் ஃபேஷன் வாரம் என்றதும் ஒளிவெள்ளத்தில் நடந்துவரும் மாடல்களும் முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பிரபலங்களுமே நினைவுக்கு வருவர். ஆனால், பிரிட்டன் ஆடைத் துறைக்கு அது அடுத்த பருவத்துக்கான கொள்முதல் முடிவாகும் சந்தையாகும்.

பிரிட்டிஷ் ஃபேஷன் கவுன்சில் நடத்தும் இந்நிகழ்வு 1984-ஆம் ஆண்டு தொடங்கியது. நியூயார்க், மிலன், பாரிஸ் நகரங்களில் நடைபெறும் நிகழ்வுகளுடன் சேர்த்து, உலகின் 4 முக்கிய ஃபேஷன் வாரங்களில் ஒன்றாக இது கருதப்படுகிறது. கரோனா பரவலுக்கு முந்தைய 2019-ஆம் ஆண்டில் ஃபேஷன் துறை பிரிட்டன் பொருளாதாரத்துக்கு 3,500 கோடி பவுண்டு பங்களித்ததாகவும், சுமார் 8.9 லட்சம் பேருக்கு வேலை அளித்ததாகவும் அந்தக் கவுன்சில் தெரிவித்திருந்தது.

வடிவமைப்பே பலம்

பிரிட்டனில் விற்பனையாகும் ஆடைகளில் பெரும்பாலானவை வெளிநாடுகளில் தைக்கப்படுபவை. இந்திய ஆடைகள் மீதான 12 சதவீதம் வரையிலான இறக்குமதி வரியை நீக்க, 2025 ஜூலை 24-ஆம் தேதி கையெழுத்தான இந்தியா-பிரிட்டன் வர்த்தக ஒப்பந்தம் வகை செய்கிறது. திருப்பூர் பின்னலாடை ஏற்றுமதியாளர்கள் இதை எதிர்பார்த்திருந்ததற்கும் இதுவே காரணம். தையல் பணி வெளிநாடுகளுக்குச் சென்றுவிட்ட நிலையில், வடிவமைப்பும் பிராண்டின் மதிப்புமே பிரிட்டனின் முக்கிய பலமாக உள்ளன. அந்த பலத்தை உலகுக்குக் காட்டும் இடம்தான் ஃபேஷன் வாரம்.

பணம் வருவது எப்போது?

பிப்ரவரியில் இலையுதிர், குளிர்கால ஆடைகளும், செப்டம்பரில் வசந்த, கோடைகால ஆடைகளும் காட்சிக்கு வைக்கப்படுகின்றன. அதாவது, கடைகளுக்கு வருவதற்குச் சுமார் 6 மாதங்கள் முன்பே அவை மேடையேறுகின்றன. பெரிய கடைகளின் கொள்முதல் அதிகாரிகள் மாதிரி ஆடைகளைப் பார்வையிட்டு ஆர்டர் அளித்த பிறகே உற்பத்தி தொடங்குகிறது. பெரும்பாலும் சரக்கு கடையைச் சென்றடைந்த பின்னரே முழுத் தொகை கிடைக்கும். அதுவரை துணி, தையல் கூலி, மாதிரி தயாரிப்பு, அணிவகுப்பு ஆகியவற்றுக்கான செலவு வடிவமைப்பாளரையே சாரும்.

இளம் வடிவமைப்பாளர்களின் இந்தச் சுமையைக் குறைக்க, 1993-ஆம் ஆண்டு 'நியூஜென்' என்ற உதவித் திட்டம் தொடங்கப்பட்டது. தொடக்கத்திலேயே இதனால் பயனடைந்தவர்களில் ஒருவர் அலெக்சாண்டர் மெக்குயின். அவரது நிறுவனத்தின் பெரும்பான்மைப் பங்குகளை 2000-ஆம் ஆண்டு குச்சி குழுமம் வாங்கியது.

அதேநேரம், ஆர்டர் அளித்த கடை நலிந்தால் பாதிப்பு வடிவமைப்பாளருக்கே. பிரிட்டனின் இணையவழி ஆடம்பர ஆடை விற்பனை நிறுவனமான மேட்சஸ் ஃபேஷன் 2024 மார்ச்சில் திவால் நடவடிக்கைக்கு உள்ளானபோது, வர வேண்டிய தொகை கிடைக்காமல் பல சிறிய நிறுவனங்கள் தவித்தன.

பிரெக்ஸிட் நெருக்கடி

ஐரோப்பிய ஒற்றைச் சந்தையிலிருந்து பிரிட்டன் வெளியேறிய பின், 2021 ஜனவரி முதல் ஐரோப்பாவுக்கு ஆடை அனுப்ப சுங்க ஆவணங்கள் கட்டாயமாகின. வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணிகளுக்குக் கடைகளில் வழங்கப்பட்ட மதிப்புக்கூட்டு வரிச் சலுகையும் அப்போதே நிறுத்தப்பட்டது. ஆடம்பர ஆடை வாங்க வருவோர் பாரிஸ், மிலன் நகரங்களை நாடுவதாக வணிகர்கள் குறைகூறி வருகின்றனர்.

இச்சூழலில், ஃபேஷன் வாரத்தில் பங்கேற்கும் வடிவமைப்பாளர்களுக்கான கட்டணத்தை ரத்து செய்வதாக 2025-ஆம் ஆண்டு கவுன்சில் அறிவித்தது. எனினும், அரங்கு, ஒளியமைப்பு, மாடல்கள் ஆகியவற்றுக்கான செலவு தொடர்கிறது. அதை ஈடுகட்டும் அளவுக்கு ஆர்டர் கிடைக்குமா என்பதே ஒவ்வொரு பருவத்திலும் சிறிய வடிவமைப்பாளர்கள் எதிர்கொள்ளும் கேள்வி.