பாத்திரக் கருத்துரு (மேசைப் பாத்திரமேற்பு விளையாட்டு)

பாத்திரக் கருத்துரு என்பது, மேசைப் பாத்திரமேற்பு விளையாட்டில் ஆட்டக்காரர் ஒருவர் தாம் ஏற்கப்போகும் கற்பனை மாந்தரைப் பற்றி ஆட்டம் தொடங்கும் முன் வகுத்துக்கொள்ளும் அடிப்படை எண்ணம் ஆகும். அந்த மாந்தர் யார், எதை விரும்புகிறார், அதை அடையவிடாமல் தடுப்பது எது என்னும் மூன்று கேள்விகளுக்கும் ஓரிரு வாக்கியத்தில் விடை சொல்ல முடிந்தால் கருத்துரு உருவாகிவிட்டது எனலாம். வலிமை, அறிவு முதலிய எண்களும், வாள், கவசம் முதலிய உடைமைகளும் அதன்பின் வருபவை.

விளையாட்டின் இயல்பு

இவ்வகை விளையாட்டில் பொதுவாக நான்கு முதல் ஆறு பேர் ஒரு மேசையைச் சுற்றி அமர்வர். அவர்களுள் ஒருவர் நடத்துநர். அவர் கற்பனை உலகை விவரிப்பார். பகைவர், வணிகர், வழிப்போக்கர் என எதிர்ப்படும் அனைவருக்காகவும் பேசுவார். மற்றவர்கள் ஆளுக்கு ஒரு பாத்திரத்தை ஏற்று, 'என் பாத்திரம் இப்போது இதைச் செய்கிறது' என்று சொல்லிக் கதையை நகர்த்துவர். செயல் பலிக்குமா என்பது ஐயமானால் பகடை உருட்டப்படும். தாள், எழுதுகோல், பகடை ஆகியவையே இதற்குத் தேவையான கருவிகள்.

கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் ஆகிய அமெரிக்கர்கள் உருவாக்கி 1974இல் வெளியான 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' இவ்வகையில் முதலில் விற்பனைக்கு வந்ததாகக் கருதப்படுகிறது. அதற்கு முன் இருந்த போர் விளையாட்டுகளில் ஆட்டக்காரர் ஒரு படையையே இயக்கினார். இங்கு ஒருவருக்கு ஒரு பாத்திரம் என்றானது. அந்தப் பாத்திரம் யார் என்ற கேள்வியும் அப்போதே பிறந்தது.

எண்ணிலிருந்து எண்ணத்திற்கு

1974ஆம் ஆண்டு விதிகளில் பாத்திரத்தைப் பெரும்பாலும் பகடையே வடித்தது. வலிமை, அறிவு, விவேகம், உடலுறுதி, சுறுசுறுப்பு, கவர்ச்சி என்னும் ஆறு திறன்கள் ஒவ்வொன்றுக்கும் மூன்று ஆறுமுகப் பகடைகள் உருட்டப்பட்டன. மதிப்பு 3 முதல் 18 வரை வரலாம், சராசரி 10.5. 18 விழும் வாய்ப்பு 216இல் ஒன்று மட்டுமே. வந்த எண்ணைப் பார்த்தபின், 'அறிவு மிகுதி, ஆகவே மந்திரவாதி' என்பதுபோல ஆட்டக்காரர் முடிவெடுத்தார்.

1977இல் வெளியான 'டிராவலர்' என்னும் விண்வெளி விளையாட்டு, பாத்திரத்தின் கடந்த காலத்தையும் பகடையால் வகுத்தது. படைப்பணியில் கழித்த ஆண்டுகள் நான்கு நான்காக உருட்டப்பட்டன. பகடை சரியாக விழாவிட்டால், ஆட்டம் தொடங்கும் முன்பே பாத்திரம் இறந்துவிடவும் கூடும்.

பின்வந்த விளையாட்டுகள் எண்ணத்தை முன்னே வைத்தன. 2013இல் வெளியான 'ஃபேட் கோர்' விதிநூலில், பாத்திரத்தின் சாரத்தைச் சொல்லும் ஒரு தொடரும், அதை விடாமல் துரத்தும் தொல்லை ஒன்றும் முதலிலேயே எழுதப்பட வேண்டும். 2014ஆம் ஆண்டு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் பதிப்பு, குணக்கூறு, இலட்சியம், பிணைப்பு, குறைபாடு என்னும் நான்கையும் பாத்திரத் தாளில் இடம்பெறச் செய்தது.

கருத்துருவின் உறுப்புகள்

* விருப்பம்: பாத்திரம் அடைய நினைப்பது. 'உலகைக் காப்பது' என்பதைவிட, 'அடகில் இருக்கும் காட்டை மீட்பது' ஆட்டத்திற்கு உதவும். எதைச் செய்தால் அது நிறைவேறும் என்பது மேசையில் உள்ள அனைவருக்கும் தெரியும்.
* பிணைப்பு: பாத்திரம் விட்டுப்போக முடியாத ஆள், இடம் அல்லது வாக்கு. யாரும் இல்லாத தனியாளாக வரும் பாத்திரத்தை நடத்துநர் கதைக்குள் இழுப்பது கடினம்.
* குறை: பாத்திரத்தின் முடிவுகளைத் தவறாக்கும் குணம். ஒற்றைக் கண், தழும்பு ஆகியவை அடையாளங்கள் மட்டுமே. முன்கோபமும், யாரையும் நம்பிவிடும் இயல்பும் குறைகள்.
* திறந்த கேள்வி: ஆட்டக்காரருக்கே விடை தெரியாத ஒன்று. இதை நடத்துநரும் மற்ற ஆட்டக்காரர்களும் ஆட்டத்தின் போக்கில் நிரப்புவர்.

நான்காவது உறுப்பே பெரும்பாலும் விடுபடுவது. எல்லாக் கேள்விக்கும் விடை எழுதப்பட்ட பாத்திரத்தின் கதை முன்பே முடிந்துவிடுகிறது; மேசையில் நடக்க எதுவும் மிஞ்சுவதில்லை.

தமிழ் மரபில் ஒப்புமைகள்

தெருக்கூத்தில் முக்கிய வேடம் திரைக்குப் பின்னால் வந்து நிற்கும். தான் இன்ன நாட்டினன், இன்னாருடைய மகன், இன்ன காரியமாக வந்தேன் என்பதைப் பாட்டிலும் வசனத்திலும் சொல்லும். கட்டியங்காரன் குறுக்கிட்டு வினவுவான், கேலியும் செய்வான். அந்த வினாவிடையில் பாத்திரம் அவைக்கு அறிமுகமாகிறது. முதல் அமர்வில் நடத்துநர், 'உன் பாத்திரம் ஏன் ஊரைவிட்டு வந்தது? திரும்பிப் போனால் யார் கதவைத் திறப்பார்?' என்று கேட்பதும் இதே வேலையைத்தான் செய்கிறது.

குன்னத்தூர், காங்கேயம் உள்ளிட்ட கொங்கு வட்டாரத்தில் உடுக்கை அடித்துப் பல இரவுகள் பாடப்படும் அண்ணன்மார் சுவாமி கதை இன்னொரு எடுத்துக்காட்டு. 1960களில் கொங்கு நாட்டில் களஆய்வு செய்த மானிடவியலாளர் பிரெண்டா பெக் இதை ஒலிப்பதிவு செய்தார். அவருடைய இருமொழிப் பதிப்பு 1992இல் வெளியானது. இக்கதையில் மூத்தவர் பொன்னர் பொறுமையானவர். இளையவர் சங்கர் வேகமும் கோபமும் மிக்கவர். தங்கை அருக்காணித் தங்காள் வரப்போவதை முன்கூட்டி உணர்பவர். மூவரும் ஒரே வீட்டில் பிறந்தவர்கள். ஆனால் ஒரே செய்தியை மூன்று விதமாக எதிர்கொள்கின்றனர். சங்கரின் வேகம்தான் அவரை வீரராக்குகிறது. பகையை வளர்ப்பதும் அதே வேகம்தான். தங்காள் முன்னறிகிறார், ஆயினும் அண்ணன்மாரைத் தடுக்க முடிவதில்லை. ஆற்றலும் குறையும் ஒரே வேரிலிருந்து வருவதே இப்பாத்திரங்களை இத்தனை தலைமுறையாக நிற்க வைத்திருக்கிறது. கருத்துரு வகுப்பவர் இதிலிருந்து கற்க வேண்டியதும் இதுவே.

இங்கு ஒரு கவனம் தேவை. அண்ணன்மார் கொங்குக் குடும்பங்கள் பலவற்றால் தெய்வமாக வணங்கப்படுபவர்கள். அவர்கள் மாண்ட இடமாகக் கருதப்படும் வீரப்பூர்ப் படுகளத்தில் இன்றும் வழிபாடு நடக்கிறது. ஆகவே அப்பெயர்களை விளையாட்டுக்கு எடுத்துக்கொள்ளாமல், பாத்திரங்கள் அமைந்துள்ள முறையை மட்டும் எடுத்துக்கொள்வது முறையாகும்.

எடுத்துக்காட்டு: ஒரு கருத்துரு வளரும் விதம்

புதிதாக ஆடுபவர்கள் பலர், பனிமலைக் கோட்டையில் பிறந்த வீரனையோ திரைப்பட நாயகனின் நகலையோ கொண்டு வருகின்றனர். அந்தக் கோட்டையில் என்ன சமைப்பார்கள் என்று கேட்டால் அவர்களால் சொல்ல முடிவதில்லை. அறிந்த ஊரிலிருந்து தொடங்கினால் இத்தகைய கேள்விகளுக்கு உடனே விடை கிடைக்கும்.

திருப்பூர் வழியாக ஓடும் நொய்யல் ஆறு சாயக்கழிவால் கெட்டது. கீழே ஒரத்துப்பாளையம் அணையில் அந்த நீர் தேங்கியதால் உழவர்கள் பாதிக்கப்பட்டனர். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூட உத்தரவிட்டபோது, அவற்றை நம்பியிருந்த தொழிலாளர்கள் வேலையிழந்தனர். இரு பக்கத்திலும் வயிற்றுப்பாடு இருந்தது. இதை அப்படியே ஆடாமல், கற்பனை உலகுக்கு மாற்றினால் பின்வரும் கருத்துரு கிடைக்கும்:

'சாயத் தொட்டிகளுக்கிடையே வளர்ந்த பெண் ஒருத்தி, தாய்மாமன் காட்டைப் பாழாக்கிய ஆற்றைத் தெளிய வைக்கும் மந்திரத்தைத் தேடுகிறாள். அது பலித்தால் தந்தையின் பட்டறைக்குப் பூட்டு விழும்.'

விருப்பம் ஆற்றைத் தெளிய வைப்பது. பிணைப்பு ஒரு பக்கம் தந்தை, மறு பக்கம் தாய்மாமன். குறையாக, இரு வீட்டிலும் உண்மையைச் சொல்லாமல் தள்ளிப்போடும் பழக்கத்தை வைக்கலாம். முதன்முதலில் அந்தச் சாயத்தைக் காய்ச்சக் கற்றுக்கொடுத்தவர் யார் என்பது திறந்த கேள்வி. அதற்கான விடையை நடத்துநரிடம் விட்டுவிட வேண்டும்.

இனி எண்கள். 2014ஆம் ஆண்டு விதிகளில் பகடை உருட்டாமல் 15, 14, 13, 12, 10, 8 என்னும் ஆறு எண்களைத் திறன்களுக்குப் பங்கிடலாம். மந்திரவாதி என்பதால் அறிவுக்கு 15. சிறுவயது முதல் சாயப் புகையை மூச்சில் வாங்கியவள் என்பதால் உடலுறுதிக்கு 8 என்று வைத்தால் கருத்துருவுக்குப் பொருந்தும். ஆனால் அதற்கு விலை உண்டு. முதல் நிலை மந்திரவாதியின் உயிர்ப்புள்ளி 6. உடலுறுதி 8 என்றால் அதில் 1 குறைந்து 5 ஆகும். ஓங்கி விழும் ஓர் அடியிலேயே அவள் சாய்ந்துவிடலாம். இந்த ஆபத்தை ஏற்பதா, உடலுறுதிக்கு 14 கொடுத்து, 'புகைக்குப் பழகிய உடம்பு' என்று கருத்துருவைத் திருத்துவதா என்பதை ஆட்டக்காரர் முடிவு செய்ய வேண்டும். இரண்டும் சரியே. எண்ணுக்கும் எண்ணத்திற்கும் முரண் வராமல் பார்த்துக்கொண்டால் போதும்.

குழுவோடு பொருத்துதல்

ஆட்டம் தொடங்கும் முன் அனைவரும் கூடிப் பேசும் அமர்வைச் 'சுழிய அமர்வு' என்பர். கதை எத்தகையது, எந்தப் பேச்சு வேண்டாம், பாத்திரங்கள் ஒருவரையொருவர் எப்படி அறிவர் என்பவை இதில் முடிவாகின்றன. மேற்கண்ட பெண்ணின் தாய்மாமன் மகனாக இன்னொருவர் ஆடலாம். பட்டறையின் சரக்கு வண்டிக்குக் காவல் போனவராக மற்றொருவர் வரலாம். சாதி, மதம், உடற்குறை ஆகியவற்றை இழிவுபடுத்தும் பாத்திரங்கள் வேண்டாம் என்பதும் இங்கேயே பேசி முடிக்கப்பட வேண்டும்.

பொதுவான பிழைகள்

* பத்துப் பக்க வரலாறு எழுதுவது. மற்றவர்கள் படிக்கமாட்டார்கள், அரைப் பக்கம் போதும்.
* தோல்வியே அறியாத மாவீரனாகத் தொடங்குவது. முதல் நிலைப் பாத்திரம் ஒரு சிறு பூதத்திடமே தோற்கக்கூடும்.
* யாரோடும் சேராத முரடனாக ஆடுவது. இது கூட்டு விளையாட்டு. சேர்ந்து போக ஒரு காரணமாவது பாத்திரத்திடம் இருக்க வேண்டும்.
* 'என் பாத்திரம் அப்படித்தான்' என்று சொல்லி உடன் ஆடுபவரைப் புண்படுத்துவது. அந்தக் குணத்தைப் பாத்திரத்துக்குக் கொடுத்தவர் ஆட்டக்காரரே. அதை மாற்றும் உரிமையும் அவருக்கு உண்டு.

கருத்துருவைச் சரிபார்க்க எளிய வழி ஒன்று உண்டு. அதை உடன் ஆடுபவரிடம் ஒரே மூச்சில் சொல்லிப் பார்க்க வேண்டும். 'சரி' என்று அவர் தலையாட்டினால் இன்னும் வேலை இருக்கிறது. 'அப்புறம் அவள் என்ன செய்வாள்?' என்று கேட்டால் ஆட்டத்தைத் தொடங்கலாம்.