குதிரையின் கால் முறிவு

கால் முறிந்த குதிரை பிழைப்பது அரிது. எலும்பு கூடும்வரை அது படுத்திருக்க இயலாமையே முதற் காரணம். சுமார் 450 கிலோ எடையுள்ள பிராணி, அறுவை முடிந்த அன்றே அக்காலை ஊன்றி நிற்க வேண்டும்! முழங்காலுக்குக் கீழே தசைப்பிடிப்பும் இல்லை.

2006-இல் அமெரிக்காவில் பார்பரோ என்னும் பந்தயக் குதிரையின் பின்னங்கால் நொறுங்கியது. உலோகத் தகடும் 27 திருகாணிகளும் பொருத்தினர். மயக்கம் தெளிகையில் உதைத்துக் கொள்ளாதிருக்க, மிதவையில் ஏந்தி நீர்த் தொட்டியில் இறக்கினர். முறிவு பெரும்பாலும் கூடிற்று. ஆயினும் பாரம் தாங்கிய மற்றக் கால்களின் குளம்புகள் அழற்சியுற்றமையால், 2007 ஜனவரி 29-இல் அதனைக் கருணைக்கொலை செய்ய நேர்ந்தது.

எம். புதுப்பட்டி வட்டாரத்தில் குதிரை வைத்திருப்போர் இதனை அறிக: முறிந்த காலுடன் ஓரடியும் நடத்தலாகாது. எலும்பு தோலைக் கிழித்துவிடின் நம்பிக்கை பெரிதும் குறையும். துணி தடிக்கச் சுற்றி, மேல் கீழ் மூட்டுகளையும் சேர்த்து மூங்கிற் சிம்பு கட்டி, கால்நடை மருத்துவரை நின்ற இடத்திற்கே அழைத்து வருக.