நடுவழியில் நிற்கும் பிரயாணி

ராஜ்யம் விட்டு ராஜ்யம் ஓடும் பஸ்களின்மீது அதிகாரம் யாருக்கு? இரவில் டிக்கெட் வாங்கிப் பெங்களூருக்கோ எர்ணாகுளத்துக்கோ புறப்படுகிறவன் இக்கேள்வியைக் கேட்பதில்லை. ஆயினும் 2024-ம் வருஷம் ஜூன் மாதத்தில் அது அவன் தலையிலேயே வந்து விழுந்தது. வெளி ராஜ்யங்களில் பதிவு செய்து, அகில இந்திய டூரிஸ்ட் பெர்மிட்டின் பேரில் ஓடிய ஆம்னி பஸ்களைத் தமிழ்நாட்டு அதிகாரிகள் தடுத்தனர். பிரயாணிகள் சிலர் நடுவழியில் இறங்க நேர்ந்தது.

1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம் பஸ்களை இரு வகையாகப் பிரிக்கிறது. தனித்தனிக் கட்டணம் வாங்கி, வழிநெடுக ஏற்றி இறக்குவது ஒன்று. முழு வண்டியையும் ஒப்பந்தம் பேசி அமர்த்திக்கொள்வது மற்றொன்று. ஆம்னி பஸ் காகிதத்தில் இரண்டாவது, உண்மையில் முதலாவது. ஒருவரையொருவர் முன்பின் அறியாத நாற்பது பேர் சட்டத்தின் கண்ணுக்கு ஒரே ஒப்பந்தக் கூட்டத்தாராய்த் தோன்றுகிறார்கள்! வக்கீல்களுக்கு இம்மாதிரிக் கற்பனைகள் புதியனவல்ல.

இக்கற்பனைக்கு இடமளித்தவர்கள் சர்க்கார்களே என்பது நமது அபிப்பிராயம். 88-வது பிரிவின்படி, ஒரு ராஜ்யத்தின் பெர்மிட் மற்றொன்றில் மேலொப்பம் பெற்றாலன்றிச் செல்லாது. இன்ன வழியில் இத்தனை பஸ்கள் என்று இரு சர்க்கார்களும் உடன்படிக்கை செய்துகொள்ளவேண்டும். அவ்வுடன்படிக்கைகள் ஜனங்களின் தேவையோடு வளரவில்லை. அந்த இடைவெளியில் டூரிஸ்ட் பெர்மிட் புகுந்தது. 2023-ம் வருஷத்தில் மத்திய சர்க்கார் வகுத்த புதிய விதிகள் அதைப் பெறுவதை இன்னும் சுலபமாக்கின. முதலாளிகளோ வரி குறைந்த ராஜ்யத்தைத் தேடிப் பதிவு செய்துகொண்டார்கள். தனது சாலையில் ஓடும் வண்டி தனக்கு வரி செலுத்தவில்லை என்று தமிழ்நாடு முறையிடுவது நியாயமே. அதை நாம் மறுக்கவில்லை.

ஆனால் வரிக்காக விழித்த கண், கட்டணத்தில் ஏன் மூடிக்கொள்கிறது? ஒப்பந்த வண்டிகளுக்கும் கட்டணம் நிர்ணயிக்க 67-வது பிரிவு ராஜ்ய சர்க்காருக்கு அதிகாரம் அளிக்கிறது. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஊர் செல்லும் ஏழைக் குடும்பங்கள் கொடுக்கும் தொகையைக் கேட்டால் அவ்வதிகாரம் தூங்குவது விளங்கும்.

1956-ல் பழைய சட்டத்தைத் திருத்தியபோது, ராஜ்யங்களுக்கிடையிலான போக்குவரத்துக்கென்று ஒரு கமிஷனுக்கு இடம் செய்தார்கள். 1988-ம் வருஷத்துச் சட்டத்தில் அதற்கு இடமில்லை. அதைப் போன்றதோர் சபை மீண்டும் வேண்டும். ராஜ்யங்களின் பிரதிநிதிகளோடு பிரயாணிகளின் பிரதிநிதிகளும் அதில் அமரவேண்டும். தேவையான வழிகளுக்கு வெளிப்படையாகப் பெர்மிட் கொடுத்து, வரியைப் பங்கிட்டு, கட்டணத்துக்கு உச்ச வரம்பு விதிக்கட்டும். அதுவரையில், பெர்மிட்டில் குற்றமுள்ள வண்டியை அதிகாரிகள் புறப்படும் இடத்திலேயே, பிரயாணிகள் ஏறுமுன் நிறுத்தட்டும். அபராதத்தை முதலாளியிடம் வசூலிக்கட்டும்.