துவக்குக்கு ஓர் இலக்கணம்

தருக்கம் கற்கப் புகும் மாணாக்கனுக்கு முதலிலே ஒரு பசுவைக் காட்டுவது மரபு. பசுவுக்கு இலக்கணம் யாது? ‘கபிலநிறம் உடையது பசு’ என்றால், வெள்ளைப்பசு விடுபட்டுப் போகும். அஃது அவ்வியாத்தி. ‘கொம்புடையது பசு’ என்றால், எருமையும் ஆடும் உள்ளே புகுந்துவிடும். அஃது அதிவியாத்தி. ‘ஒற்றைக் குளம்புடையது பசு’ என்றால், எந்தப் பசுவுக்கும் பொருந்தாது. அஃது அசம்பவம். இம்மூன்று குற்றமும் நீங்கிய இலக்கணம், ‘அலைதாடி உடையது பசு’ என்பது.

முப்பது வருடமாக இப்பாடத்தைச் சொல்லி வருகின்றேன். இலக்கணம் பிழைத்தால் பரீட்சையிலே புள்ளி குறையும். அதற்குமேல் யாதொரு தீங்கும் நேராது என்றே எண்ணியிருந்தேன். அவ்வெண்ணத்தை மாற்றியவர் என் பழைய மாணாக்கர் ஒருவர். கனடாவிலே குடியேறியவர், மான் வேட்டையில் விருப்புடையவர். விடுமுறையில் வந்திருந்தபோது ஒருநாள், “ஐயா, எங்கள் நாட்டிலே துவக்கு வாங்குகிறவன் கடைக்குப் போகுமுன் இலக்கணம் படிக்கவேண்டும்” என்றார். விளையாட்டாகச் சொல்கிறார் என்று நினைத்தேன். அந்நாட்டுச் சட்டத்தைத் தேடிப் படித்தபின், அவர் சொன்னது மெய் என்று கண்டேன்.

கனடாச் சட்டம் துவக்குகளை மூன்று வகுப்பாக்கும்: கட்டுப்படுத்தப்படாதவை, கட்டுப்படுத்தப்பட்டவை, தடைசெய்யப்பட்டவை. முதலாம் வகுப்புக்கு உரிமம் வேண்டும். உரிமம் உள்ளவர் அதனை வேட்டைக்குக் கொண்டுபோகலாம். இரண்டாம் வகுப்பைப் பதிவுசெய்தல் வேண்டும், அனுமதி பெற்ற சூட்டுத் தளங்களிலே சுடலாம், வேட்டைக்கு ஆகாது. மூன்றாவதன் இயல்பைப் பெயரே சொல்லும்.

இனி, அரைத்தானியங்கி றைபிள். விசையை ஒருமுறை இழுத்தால் ஒரு ரவை பாயும். அடுத்த ரவை தானே வந்து அமரும். இஃது எவ்வகுப்பைச் சாரும்? சட்டம் இருவழியால் விடை கூறிற்று. ஒன்று அளவு: குழல் 470 மில்லிமீற்றருக்குக் குறைந்தால் இரண்டாம் வகுப்பு. மற்றது பெயர்: இன்ன துவக்கும் அதன் திரிபுகளும் இன்ன வகுப்பு என்னும் பட்டியல். முன்னது காரணம் பற்றியது. பின்னது இடுகுறி போன்றது.

ஏ.ஆர்-15 என்பது பட்டியலிலே பெயர் பெற்றது. ஆதலின், குழல் எத்துணை நீண்டாலும் அஃது இரண்டாம் வகுப்பே. மினி-14 என்பதற்கு அந்தப் பெயர்ப்பேறு இல்லை. மரக்கட்டை பொருத்திய, பழைய வேட்டைத் துவக்குப் போன்ற தோற்றம் அதற்கு. அது முதலாம் வகுப்பிலே சென்று அமர்ந்தது. இரண்டும் ஒரே அளவான ரவையைச் சுடுவன. இரண்டும் விசைக்கு ஒன்றாகச் சுடுவன. இன்னொரு புதுமையும் உண்டு. ஏ.கே-47 உம் அதன் திரிபுகளும் தடைசெய்யப்பட்டன. அதே பொறியமைப்பைத் தழுவிப் பின்லாந்திலே செய்யப்பட்ட வல்மெற் ஹன்ரர் என்பதற்கோ விதியே பெயர் சொல்லி விலக்களித்தது. நம் நூல்களிலே வரும் புறனடைச் சூத்திரம் போல!

விளைவு யாது? காட்டுக்குக் கொண்டுபோக விரும்பியோர் ஏ.ஆர்-15 ஐ விட்டனர். மினி-14, செக் நாட்டு வீ.இசட்-58, சோவியத் எஸ்.கே.எஸ். முதலியவற்றை நாடினர். உற்பத்தியாளரும் 470 மில்லிமீற்றரைச் சற்றே கடந்த குழல் பொருத்திக் கனடாவுக்கென்றே றைபிள் செய்தனர். “நல்லது எது என்று பார்த்து வாங்கவில்லை, ஐயா. சட்டம் விட்டது எது என்று பார்த்து வாங்கினேன்” என்றார் மாணாக்கர். அவர் வாங்கியது மினி-14. இதிலே வஞ்சகம் ஒன்றும் இல்லை. கோட்டுக்கு இப்பாலே நில் என்றார்கள். அவர் இப்பாலே நின்றார்.

ஆயின், கோடு சரியாகக் கீறப்பட்டதா?

1989 டிசம்பர் 6 இல், மொன்றியல் நகரத்துப் பொறியியற் கல்லூரி ஒன்றிலே ஒருவன் புகுந்தான். பெண்களைக் குறிவைத்துச் சுட்டான். 14 பெண்கள் மாண்டனர். அவன் கையிலிருந்தது மினி-14, சட்டப்படி வாங்கியது. அத்துயரின் பின்னர்ச் சட்டங்கள் கடுமையாயின. 1995 இல் துவக்குச் சட்டம் நிறைவேறிற்று. ஆயினும் மினி-14 இருந்த வகுப்பிலேயே இருந்தது. ஏ.ஆர்-15 ஐக் கட்டிய இலக்கணம் இதனைத் தொடவில்லை. வெள்ளைப்பசு விடுபட்டுப் போயிற்று.

2020 ஏப்ரல் 18, 19 ஆம் தேதிகளில் நோவா ஸ்கோசியாவிலே 22 பேர் கொல்லப்பட்டனர். மே 1 இல் அரசு ஓர் ஆணை பிறப்பித்து, ஏறக்குறைய 1,500 மாதிரிகளைத் தடைசெய்தது. ஏ.ஆர்-15, மினி-14, வீ.இசட்-58 யாவும் அதில் அடங்கின, எஸ்.கே.எஸ். அடங்கவில்லை. முதல்நாள் வரை வேட்டைத் துவக்காயிருந்தது மறுநாள் தடைப்பொருளாயிற்று. என் மாணாக்கர் அதனைப் பூட்டிவைத்தார். 2024 டிசம்பரில் 324 மாதிரிகளும், 2025 மார்ச்சில் 179 மாதிரிகளும் பட்டியலிற் சேர்ந்தன. பெயரால் இலக்கணம் செய்தால் பட்டியல் நீளுமேயன்றி முடியாது.

2023 டிசம்பரிலே இயற்றிய சட்டம் ஒன்று செயல் பற்றி வகுத்தது: அரைத்தானியங்கியாய், ஆறு அல்லது அதற்கு மேற்பட்ட ரவை கொள்ளும் கழற்றத்தக்க ரவைக்கூட்டுக்கென அமைந்த றைபிள் தடைக்குரியது. அலைதாடியைக் கண்டுகொண்டார்கள் என்று மகிழ்ந்தேன். ஆனால் அச்சட்டம் நடைமுறைக்கு வந்த நாளின் பின் புதிதாக வடிவமைத்துச் செய்யப்படுவனவற்றுக்கே அவ்விதி. நேற்றுப் பிறந்த பசு பசுவன்று என்பதுபோலாயிற்று.

இலக்கணம் பிழைத்தால் அதற்கு விலை கொடுப்போர் அதனை வகுத்தோர் அல்லர். விதிக்கு அடங்கி வாங்கியவர் கொடுத்தார். அதனினும் பன்மடங்காக அந்தப் பதினால்வர் கொடுத்தனர்.

இம்முறை அவ்வியாத்தியைப் படிப்பித்தபோது, பசுவின் பின்னே மினி-14 ஐயும் சொன்னேன். வகுப்பு அமைதியாயிருந்தது. முன்வாங்கிலிருந்த ஒரு மாணவி, “அவர்கள் என்ன படித்துக்கொண்டிருந்தார்கள், ஐயா?” என்று கேட்டாள்.

“பன்னிருவர் பொறியியல் மாணவிகள், பிள்ளை” என்றேன். அன்றைய பாடத்தை அதற்குமேல் நடத்த என்னால் இயலவில்லை.