‘இல்-அட்வைஸ்ட்’ – அண்ணா மேல் குற்றமா?

வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். பெண்ணின் கல்யாணச் செலவுக்காகத் தம் இன்ஷூரன்ஸ் பாலிஸியைக் கெடு முடியுமுன்பே ஸரண்டர் செய்யத் தீர்மானித்தாராம். கம்பெனியிலிருந்து இங்கிலீஷில் பதில் வந்தது. இந்தச் சமயத்தில் ஸரண்டர் செய்வது ‘இல்-அட்வைஸ்ட்’ என்று அதில் ஒரு வார்த்தை. மனுவை எழுதிக் கொடுத்தது அந்த அம்மாளின் தமையனார். போதாதா? “பார்த்தாயா! உன் அண்ணா துர்ப்போதனை செய்திருக்கிறார் என்று கம்பெனிக்காரனே எழுதிவிட்டான்!” என்று கணவர் பிடித்துக்கொண்டார். மூன்று நாளாக வீட்டில் பேச்சு வார்த்தை இல்லையாம்.

அந்த அண்ணாவை முதலில் விடுதலை செய்துவிடுவோம்.

‘அட்வைஸ்’ என்றால் புத்திமதி என்றுதான் நாம் படித்திருக்கிறோம். ஆனால் அந்தச் சொல்லின் பூர்வோத்திரம் வேறு. லத்தீனில் ‘பார்த்தல்’ என்ற பொருளுள்ள சொல்லிலிருந்து பிறந்து, பிரெஞ்சு வழியாக இங்கிலீஷுக்கு வந்தது. ‘எனக்குத் தோன்றுவது’ என்பதுதான் ஆதியில் அதன் கருத்து. ஆகவே பழைய இங்கிலீஷில் ‘அட்வைஸ்ட்’ என்றால் ‘நன்றாக யோசித்த’ என்று அர்த்தம். இன்றும் ஒருவர், “இந்த வார்த்தையை நான் அட்வைஸட்லி உபயோகிக்கிறேன்” என்றால், யாரோ சொல்லிக் கொடுத்து உபயோகிக்கிறார் என்பதல்ல. தெரிந்து, யோசித்துச் சொல்கிறார் என்பதே. இங்கிலாந்துத் திருச்சபையின் விவாகச் சடங்கில் ‘அனட்வைஸட்லி’ என்ற சொல் வருகிறது. யோசனையில்லாமல் கல்யாணத்தில் இறங்காதே என்ற எச்சரிக்கை!

இதில் வேடிக்கை என்னவென்றால், நம் பாஷையிலும் இதே கதைதான். “ஒரு யோசனை சொல்கிறேன், கேள்” என்றால் புத்திமதி. “யோசனை செய்து சொல்கிறேன்” என்றால் சிந்தனை. இரண்டுக்கும் ஒரே சொல்! ஆகையால் ‘இல்-அட்வைஸ்ட்’ என்பதை ‘யோசனையில்லாத காரியம்’ என்று மொழிபெயர்த்தால் பொருத்தமாகவே இருக்கும். ‘இல்’ என்றதும் வியாதி என்று நினைக்க வேண்டாம். இங்கே அதற்கு ‘சரியாக இல்லாமல்’ என்று பொருள்.

மோசமான ஆலோசனை கேட்டவர் என்ற அர்த்தமும் அகராதியில் உண்டு. இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஒரு காரியத்தைப் பற்றிச் சொல்லும்போது, ஆலோசனை சொன்னவர் ஒருவர் இருந்தே தீர வேண்டும் என்பதில்லை.

ஆலோசனையால் பெயர் கெட்ட ராஜா ஒருவர் இங்கிலாந்தில் உண்டு. 978-ல் சிறு பிள்ளையாகப் பட்டத்துக்கு வந்த எதெல்ரெட். பெயருக்கு அர்த்தம் ‘உயர்ந்த ஆலோசனை’. ஜனங்கள் பிற்காலத்தில் வைத்த பட்டமோ ‘அன்ரெட்’. அதாவது ஆலோசனை கெட்டவர். டேனிஷ்காரர்கள் படையெடுத்தபோது 991-ல் 10,000 பவுன் கொடுத்துத் திருப்பி அனுப்பினார்கள். பணத்தின் ருசி கண்டவர்கள் வராமல் இருப்பார்களா? 1002-ல் தம் நாட்டிலிருந்த டேனிஷ்காரர்களைக் கொல்லும்படி உத்தரவிட்டார். 1013-ல் டென்மார்க் ராஜா ஸ்வெய்ன் வந்து நாட்டையே பிடித்தார். எதெல்ரெட் நார்மண்டிக்கு ஓடினார். ‘அன்ரெட்’ நாளடைவில் ‘அன்ரெடி’ என்று திரிந்து, பாவம், தயாராக இல்லாத ராஜா என்று ஆகிவிட்டது.

‘பூலிஷ்’ என்றால் ஆளையே முட்டாள் என்பது போல் ஆகும். ‘இல்-அட்வைஸ்ட்’ காரியத்தை மட்டும் குறை சொல்லி, ஆளின் மரியாதையைக் காப்பாற்றுகிறது. மாமியார், மேலதிகாரி போன்றவர்களின் செய்கையைப் பற்றி இங்கிலீஷில் எழுத நேர்ந்தால் இதுவே க்ஷேமம்.

கம்பெனி சொன்ன விஷயத்தையும் தள்ளிவிட வேண்டாம். ஆரம்ப வருஷங்களில் பாலிஸியை முறித்தால் கட்டிய பிரீமியத்தைவிடக் குறைவாகவே கைக்கு வருவது சகஜம். அந்தப் பாலிஸியின் பேரில் கடன் கிடைக்குமா என்று தமையனாரைக் கொண்டே ஒரு கடிதம் எழுதிக் கேட்கலாம்.

ஆனால் வக்கீல் நோட்டீஸில், “நீங்கள் இப்படிச் செய்வது இல்-அட்வைஸ்டாக இருக்கும்” என்று வந்தால் மட்டும் உஷார்! அங்கே அது மரியாதை அல்ல. பட்டுத் துணியில் சுற்றிய பிரம்பு.