தும்பா வானில் மஞ்சள் மேகம்

விண்ணைப் படம் பிடிக்கக் காமிராவை ராக்கெட்டிலேயே பொருத்தி அனுப்ப வேண்டும் என்று எண்ணத் தோன்றும். திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவில் 1963-ஆம் ஆண்டு நவம்பர் 21-ஆம் தேதி மாலை முதல் ராக்கெட் ஏவப்பட்டபோது நிகழ்ந்ததோ இதற்கு நேர்மாறானது. காமிராக்கள் தரையில் இருந்தன. மேலே சென்றது சோடியம்.

பூகாந்த நடுக்கோட்டிற்கு அருகே அமைந்தமையால் தேர்ந்தெடுக்கப்பட்ட மீனவர் ஊர் அது. நைக்-அப்பாச்சி என்னும் அந்த ஈரடுக்கு ராக்கெட் அமெரிக்காவிலிருந்தும், சோடியம் சாதனம் பிரான்சிலிருந்தும் வந்தன.

பலூன்கள் சுமார் 30, 40 கிலோமீட்டர் உயரத்திற்குள் வெடித்துவிடும். அதற்கு மேல் வீசும் காற்றை அளப்பது எங்ஙனம்? காற்று கண்ணுக்குப் புலப்படாது. ராக்கெட்டோ சுழன்றபடியே சில நிமிடங்களில் ஏறி வீழ்ந்துவிடும். ஆகவே, அதனுள் காமிரா வைப்பதால் இதற்குப் பயனில்லை. ராக்கெட் தன் வழிநெடுக சோடிய ஆவியை உமிழ்ந்து செல்லும். கதிரவன் மறைந்து தரை இருண்ட பின்னும் அவ்வுயரத்தில் வெயில் படுவதால், ஆவி மஞ்சளாக ஒளிரும். சமையல் உப்பைச் சுடரில் தூவினால் தோன்றும் அதே நிறம்; ஆசிரியர்கள் வகுப்பிலேயே காட்டலாம். நேர்க்கோடாகத் தோன்றும் அத்தடத்தைக் காற்று அடுக்குக்கு அடுக்கு வெவ்வேறு திசையில் வளைத்துவிடும். தொலைவான இரண்டு மூன்று இடங்களிலிருந்து ஒரே கணத்தில் எடுத்த படங்களில், பின்னணி விண்மீன்களே அளவுகோல். அவற்றைக் கொண்டு முக்கோணக் கணிதத்தால் தடத்தின் ஒவ்வொரு பகுதியும் எவ்வளவு உயரத்தில், எத்திசையில், எவ்வேகத்தில் நகர்ந்தது எனக் கணிப்பர்.

இதற்கு உகந்தது அந்திப்பொழுதின் சிறு இடைவெளி மட்டுமே. தவறினால் அன்றைய முயற்சி வீண். அந்நேரம் நெருங்குகையில், ராக்கெட்டைத் தூக்கும் கிரேனின் நீரியல் அமைப்பில் கசிவு ஏற்பட்டது. பழுது பார்க்க அவகாசமில்லை. ராக்கெட் இணைப்புப் பணியில் இருந்த அப்துல் கலாமும் உடனிருந்தவர்களும் கைகளாலேயே அதைத் தூக்கி ஏவுதளத்தில் பொருத்தினர். எண்ணற்ற கருவிகளுக்கிடையே அன்று தேவைப்பட்டது தோள் வலிமையே! அந்தியில் மஞ்சள் மேகம் வானில் படர்ந்தது.

இந்தியாவிலேயே வடிவமைக்கப்பட்ட ஆர்.எச்-75 ராக்கெட், 1967-ஆம் ஆண்டு நவம்பர் 20-ஆம் தேதி தும்பாவிலிருந்து பறந்தது. அதன் குறுக்களவு 75 மில்லிமீட்டரே. பின்வந்த ஆர்.எச்-200 ராக்கெட் மேலிருந்து நுண்ணிய உலோக இழைகளைத் தூவும். அவை காற்றில் மிதந்து செல்வதை ராடார் தொடரும். அந்தியோ காமிராவோ தேவையில்லை.

ராக்கெட்டிலேயே பொருத்திய காமிராவுக்கு வேறு பணி உண்டு. 2017-ஆம் ஆண்டு பிப்ரவரி 15-ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சென்ற பி.எஸ்.எல்.வி-சி37 ராக்கெட், 104 துணைக்கோள்களை ஒரே பயணத்தில் கொண்டு சென்றது. அவை ஒன்றன்பின் ஒன்றாகப் பிரிந்து செல்வதை அதன் காமிராக்கள் படம் பிடித்துத் தரைக்கு அனுப்பின.